கோடை இடியும் கீதாரியும்

சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையைத் தேர்வுக்காகப் படித்த மாணாக்கர் பலர். அதனை நடந்து பார்க்க விரும்பியவர் சிலர். அச்சிலருள் யாம் ஐவர். புகாரை நீங்கிக் காவிரிக் கரையைப் பற்றி மேற்றிசை நோக்கிச் செல்லும் கோவலனுக்கும் கண்ணகிக்கும் கவுந்தியடிகள் வழியின் ஏதங்களை எடுத்துரைக்கும் பகுதி எமக்கு மனப்பாடம். சோலை வழியே செல்லின், உதிர்ந்த பூக்கள் மூடிய குழிகள் உண்டு; பழுத்த பலாக்கனி தலையில் மோதும். வயல் வழியே செல்லின், களைந்து எறிந்த பூக்களில் மொய்க்கும் வண்டும், வாய்க்கால் ஓரத்து நண்டும் நத்தையும் காலடியில் பட்டு மடியும். இவ்விரு வகை ஏதத்தையும் குறித்து ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதி நான்கரை பெற்றவரும் எம்முள் உண்டு. ஆயினும், நடப்பவர்க்கு வரும் தீங்கு ஒன்று, நடப்பவரால் பிறர்க்கு வரும் தீங்கு மற்றொன்று என்று அடிகள் பிரித்துக் கூறியதன் பொருள், சென்ற மே மாதத்து மாலை ஒன்றில், கபிஸ்தலத்திற்கு அப்பால் ஒரு தரிசு வயலில்தான் எமக்கு விளங்கிற்று. அதனை ஒளிக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடைப்பயணம் செல்லும் ஆசையை எம்முள் மூட்டியவர் கால்டுவெல் ஐயர். 1841ஆம் ஆண்டில் அவர் சென்னையிலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். பல்லக்கும் குதிரையும் இருந்த காலத்தில் ஓர் ஐரோப்பியர் நடந்து செல்வது ஊராருக்கு வியப்பாகவும் நகைப்பாகவும் இருந்தது. ஆனால், மக்களையும் அவர்கள் மொழியையும் அறிவதற்கு நடையே நல்வழி என்று அவர் கருதினார். குடந்தை, தஞ்சை முதலிய ஊர்களைக் கண்டு, நீலகிரியிலும் தங்கி, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். 1856இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வகுப்பறையில் போற்றும் யாம், அவர் நடந்த நெடுவழியில் ஒரு சிறு துண்டையேனும் நடத்தல் வேண்டும் என்று தீர்மானித்தோம். குடந்தையிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சை. இரண்டு பகல், ஓர் இரவு. புறப்படும் நாள் மே 7. அவர் 1814இல் பிறந்த நாள் அதுவே.

நாளைத் தேர்ந்தபோது, அது அக்கினி நட்சத்திரம் தொடங்கி மூன்று நாள் ஆன காலம் என்பதை எம் வீட்டார் நினைவூட்டினர். வெயிலுக்கு அஞ்சுபவர் கால்டுவெல்லின் மாணாக்கர் ஆகார் என்று விடை கூறினோம். அன்றியும், அவர் காலத்தில் கைப்பேசி இல்லையாதலின் யாமும் அதனைத் தொடலாகாது என்று ஒரு விரதம் பூண்டோம். ஐந்து கைப்பேசிகளையும் எண்ணெய்த் துணியில் சுற்றி மூட்டையின் அடியில் வைத்தோம். இடி மின்னலை முன்கூட்டி அறிவிக்கும் ‘தாமினி’ என்னும் செயலியைப் புனே வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தார் நம் போன்றார்க்காகவே அமைத்துள்ளனர். அது எம்முள் ஒருவர் கைப்பேசியில் இருந்தது, துணிக்குள் இருந்தது. இவ்விரதத்தால் விளைந்ததைப் பின்னே கூறுவோம்.

அதிகாலையில் குடந்தைப் புகைவண்டி நிலையத்தில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். இரவல் வாங்கிய கூடாரம் இரண்டு, சிறு மண்வெட்டி ஒன்று, அரிசி, பருப்பு, ஐவருக்கும் பொதுவாக 2,350 ரூபாய். சுவாமிமலையை அடைந்தபோது வெயில் ஏறவில்லை. அங்குள்ள சிற்பிகள் மெழுகில் உருச்செய்து, காவிரியின் நுண்ணிய வண்டலை அதன்மேற் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றும் முறையைச் சற்று நேரம் நின்று பார்த்தோம். ஆற்றின் மண் நெல்லுக்கு மட்டுமன்றித் தெய்வ உருவங்களுக்கும் கருவாகின்றது என்று எம்முள் கவிதை எழுதும் நண்பர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆனால் காவிரியோ வறண்டு கிடந்தது. கரையிலிருந்து கரை வரை மணல். நடுவே ஆங்காங்கு நாணல். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின், ஜூன் 12ஆம் நாள் பாசனத்திற்கு நீர் திறப்பது மரபாயிற்று. நீர் இருப்பைப் பொறுத்து அந்நாள் தள்ளிப்போவதும் உண்டு. 2022இல் மே 24ஆம் நாளே திறந்ததும் உண்டு. ஆகவே மே மாதத் தொடக்கத்தில் கழனி நாட்டைக் காண வருபவர், பாட்டில் படித்த பசுமையைக் காணார். சம்பாவும் தாளடியும் அறுவடையாகி, அதன் பின் விதைத்த உளுந்தும் பயறும் எடுக்கப்பட்டு, வயல்கள் வெடித்துக் கிடக்கும். ஆழ்துளைக் கிணறு உள்ள இடங்களில் மட்டும் வாழையும் கரும்பும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். வெடிப்புகளில் ஒருவர் தம் கைக்கோலை விட்டுப் பார்த்தார்; முழங்கை அளவு இறங்கிற்று.

நண்பகலில் ஒரு மண்டபத்தில் உண்டு உறங்கி, மூன்று மணிக்கு மீண்டும் நடந்தோம். கபிஸ்தலத்தைக் கடந்து, சாலையை விட்டு வயல் வரப்பில் இறங்கியபோது நாலரை மணி இருக்கும். பரந்த தரிசின் நடுவே ஒரு திடல் தோன்றிற்று. அதன்மேல் தனித்து நின்றது ஒரு பெரிய இலுப்பை மரம். சுற்று வட்டாரத்தில் அத்துணை உயரமான மரம் பிறிதில்லை. மேடான இடம், நிழல், தூய்மையான தரை. கூடாரம் அடிக்க இதனினும் சிறந்த இடம் யாது என்று மகிழ்ந்து மூட்டைகளை இறக்கினோம். இரும்புக் கால்களை நட்டு முதற் கூடாரத்தை நிறுத்தினோம்.

இருநூறு முழத்திற்கு அப்பால், வெடித்த வயலில் ஓர் ஆட்டுக்கிடை இருந்தது. வலை கட்டி வளைத்த இடத்துள் இருநூற்றுக்கு மேற்பட்ட செம்மறிகள். அருகே குட்டிகளை மூடிவைக்கும் பெருங்கூடைகள் இரண்டு மூன்று. தோளில் துறட்டிக்கோல் சாய்த்து ஒரு முதியவர் நின்றார். தலையில் துண்டு, மேலே சட்டை இல்லை.

இவரைப் போன்றோரைத் தஞ்சைத் தரணியார் கீதாரி என்பர். இராமநாதபுரச் சீமையிலிருந்து அறுவடைக்குப் பின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்நாட்டிற்கு வருவர். நில உடைமையாளர் வேண்டியபடி ஒவ்வொரு வயலிலும் சில இரவுகள் கிடை போடுவர். ஆட்டின் சாணமும் சிறுநீரும் வரும் சாகுபடிக்கு உரமாகும். அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ பெறுவர். மேட்டூர் நீர் வந்து நடவு தொடங்கும் காலத்தில் தம் நாட்டிற்குத் திரும்புவர். இவர்கள் வாழ்வைப் பொருளாகக் கொண்டு எழுந்த ‘கீதாரி’ என்னும் புதினம் எம் துறை நூலகத்திலும் உண்டு. மாதக்கணக்கில் வானமே கூரையாக வாழும் இவர்களே இந்நாட்டில் உண்மையாகக் கூடாரம் அடிப்பவர். யாம் ஓர் இரவுக்கு விளையாடச் சென்றவர்கள். இவ்வேற்றுமை அப்போது எமக்குத் தோன்றவில்லை. இருநூறு முழம் நடந்து சென்று, ஐயா, இங்கே தங்கலாமா என்று அவரை ஒரு சொல் கேட்கவும் தோன்றவில்லை.

அப்போது மேற்கே முகில் எழுந்துகொண்டிருந்தது. கோடையில் நிலம் காய்ந்து அதன்மேலுள்ள காற்று மேலெழும். பிற்பகலில் வங்கக் கடலின் ஈரக்காற்று கழிமுகம் கடந்து உள்நாட்டில் நுழையும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் இதுவும் எதிர்ப்படும் இடத்தில், ஈரம் முழுவதும் தூணைப்போல உயர்ந்து 12 முதல் 15 கிலோமீட்டர் வரை செல்லும். அவ்வுயரத்தில் பனித்துகள்கள் மோதி மின்னூட்டம் பிரிந்து நிற்கும். இவற்றையெல்லாம் எம்முடன் வந்த பௌதிக மாணாக்கர் விளக்கினார். முகிலின் உச்சி கொல்லன் பட்டடைக் கல்லைப்போலப் பரந்திருந்தது. அதன் வயிற்றில் மின்னல் ஓடிற்று.

“எண்ணுங்கள்” என்றார் அவர். எண்ணினோம். இருபத்துநான்கு எண்ணியபின் இடி கேட்டது. ஒலி 3 விநாடியில் ஏறத்தாழ 1 கிலோமீட்டர் செல்லும். ஆகவே மின்னல் விழுந்த இடம் 8 கிலோமீட்டர் தொலைவு என்று கணக்கிட்டு, இன்னும் அரைமணி நேரம் உண்டு, இரண்டாவது கூடாரத்தையும் அடித்துவிடலாம் என்றார். கணக்கில் பிழை இல்லை, முடிவில்தான் பிழை. மழை பெய்யும் இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் பாய்வதுண்டு. இடியோசை காதில் விழுமாயின், கேட்பவர் அதன் எல்லைக்குள் வந்துவிட்டார் என்பதே பொருள். தொலைவை அளக்கக் கற்றவர்கள் ஆபத்தை அளக்கக் கற்றிலோம்.

அந்நேரத்தில் கீதாரி எம்மை நோக்கி உரக்க ஏதோ கூவினார். காற்று எதிர்த்திசையில் வீசியதால் சொல் விளங்கவில்லை. அவர் இரு கைகளையும் வீசினார். வணக்கம் கூறுகின்றார் போலும் என்று எண்ணி, யாம் ஐவரும் மகிழ்ச்சியோடு கைகளை வீசினோம். இதனை எழுதும்போதும் எமக்கு நாணமாக இருக்கின்றது.

அவர் மீண்டும் கூவினார். யாம் மீண்டும் கை வீசினோம். அவர் சற்று நின்று தம் ஆடுகளைத் திரும்பிப் பார்த்தார். துணைக்கு இருந்த பேரன் அரிசி வாங்க ஊருக்குள் போயிருந்தான் என்பது பிறகு தெரிந்தது. துறட்டிக்கோலைத் தரையில் கிடத்திவிட்டு எம்மை நோக்கி ஓடிவந்தார். அறுபது கடந்தவர் வெடித்த வயலில் அவ்வாறு ஓடுவதை யாம் கண்டதில்லை.

“ஏ தம்பிகளா! மரத்த விட்டு வெளிய வாங்க! மூட்டையெல்லாம் கெடக்கட்டும், ஓடியாங்க!”

“ஐயா, இடி தொலைவில்தான்...” என்று எம்முள் ஒருவர் தொடங்கினார்.

“கணக்கு அப்புறம் சொல்லுங்க” என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

திடலின் மறுபுறம், ஒரு பர்லாங்கு தூரத்தில், செங்கற் சுவரும் சிமெண்டுக் கூரையும் உடைய மோட்டார்க் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் எம்மைத் தள்ளினார். “கம்பி, குழாய், மோட்டார் எதையும் தொடாதீங்க. சுவத்துலயும் சாயாதீங்க” என்று கூறித் திரும்பி வாயிற்படியில் கால் வைத்தார். அப்போது புழுதிக்காற்று வந்தது. அதன் பின்னே கல்லெறிந்தாற்போன்ற மழைத்துளிகள். பகல் இருண்டது. ஆடுகள் கதறும் ஒலி கேட்டது. அவர், தம் குரலை அவை அறியும் என்பதனால், வாயிலில் நின்றவாறே நீண்ட குரல் கொடுத்தார். காற்று அக்குரலையும் தின்றது.

பிறகு யாம் கண்டது வெளிச்சம் மட்டுமே. வெண்மை அன்று, நீலமும் அன்று. எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒளியும் ஒலியும் ஒன்றாகவே வந்தன. கொட்டகை அதிர்ந்தது. மின்னல் செல்லும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000 பாகை வெம்மை எய்தும் என்றும், மரத்தின் சாறு நொடியில் ஆவியாகிப் பட்டையைப் பிளக்கும் என்றும் பௌதிக நண்பர் பிறகு கூறினார். அப்போது அவர் ஒன்றும் கூறவில்லை. என் கையைப் பற்றிக்கொண்டிருந்தார். 1505ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எர்பர்ட் நகருக்கு நடந்து சென்ற இருபத்தொரு வயதுச் சட்ட மாணாக்கர் ஒருவர் இவ்வாறே இடியில் அகப்பட்டுத் துறவு பூணுவதாக நேர்ந்துகொண்டார். அவரே மார்ட்டின் லூதர் என்பதை எம்மவர் அறிவர். எம்முள் எவரும் எந்த நேர்த்தியும் செய்யவில்லை. நடுங்குவதற்கே நேரம் போதியதாக இருந்தது.

மழை தணிய அரைமணி ஆயிற்று. கடைசி இடிக்குப் பின்னும் கீதாரி எம்மை வெளியே விடவில்லை. தாம் மட்டும் சென்றார். சற்றுப் பொறுத்து யாமும் பின்தொடர்ந்தோம்.

இலுப்பை மரத்தில் உச்சிமுதல் அடிவரை பட்டை உரிந்து, வெண்ணிறக் கோடு ஒன்று இறங்கியிருந்தது. எம் கூடாரம் விழுந்து கிடந்தது. அதன் அருகில், மரத்தைச் சுற்றி, பதினொரு ஆடுகள் கிடந்தன. தம்மை அழைப்பவர் இல்லாமையால் அவை வலையை முறித்துக்கொண்டு ஓடி, அவ்வெளியில் கண்ணுக்குத் தெரிந்த ஒரே புகலிடத்தில் ஒதுங்கியிருக்கின்றன. சில நிமிடங்களுக்கு முன்பு யாம் நின்றிருந்த இடம் அது. மேலே காயம் ஒன்றும் இல்லை. மரத்தில் இறங்கிய மின்சாரம் தரையில் பரவும்போது, நாற்கால் விலங்கின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே பாய்ந்து நெஞ்சை நிறுத்திவிடும் என்பர். அவை உறங்குவனபோல் இருந்தன.

கீதாரி ஒவ்வொன்றின் காதையும் தூக்கிப் பார்த்தார். அறுத்த அடையாளம் உண்டு. எது எவருடைய ஆடு என்பதை அதனால் அறிவர். மந்தை முழுவதும் அவருடையதன்று. மூன்று பேருடைய ஆடுகளை அவர் கூலிக்கு மேய்த்தார். இடையே சில அவருடையவை. மாண்ட பதினொன்றில் நான்கு அவருடையவை, ஏழு பிறருடையவை.

“ஏழுக்குக் கணக்குச் சொல்லணும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு யாம் கூடாரத்தில் உறங்கவில்லை. சிதறிய ஆடுகளைத் தேடிச் சேர்க்கும் வேலையில் அவருக்கும் அவர் பேரனுக்கும் துணையாக வயல்வெளியெங்கும் திரிந்தோம். விரதத்தை விட்டுக் கைப்பேசிகளை எடுத்தோம். அவற்றின் விளக்கொளியே உதவிற்று. எடுத்த உடனே, பிற்பகல் நான்கு மணிக்கு வந்திருந்த இடி மின்னல் எச்சரிக்கை திரையில் தோன்றிற்று. எம் தலைவர் அதனை எமக்குக் காட்டினார், ஒருவரும் பேசவில்லை.

நள்ளிரவில் மந்தை ஒருவாறு கூடியபின், அவர் வைத்த கஞ்சியை யாவரும் உண்டோம். எம்முள் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “ஐயா, ஆடுகளை விட்டுவிட்டு எங்களிடம் ஏன் வந்தீர்கள்?”

அவர் சிரிக்கவில்லை, எனினும் குரலில் சினமும் இல்லை. “ஆடு கூப்பிட்டா கேக்கும் தம்பி. நீங்க கையக் கைய ஆட்டுறீங்க, கேக்கல. அதான் வரவேண்டியதாப் போச்சு” என்றார்.

விடிந்தபின் கிராம நிருவாக அலுவலரும், பிறகு கால்நடை மருத்துவரும் வந்து பார்த்தனர். இயற்கைச் சீற்றத்தால் மாண்ட ஆட்டுக்கு அரசினர் நிவாரணம் அளிக்கும் விதி உண்டு. ஆனால் அதற்கு மனு வேண்டும். கீதாரிக்குக் கையெழுத்திட மட்டுமே தெரியும். தமிழ்ச் சிறப்பு மாணாக்கர் மூவர் அருகிருக்க மனு எழுத வேறு ஆள் தேடுவானேன் என்று முன்வந்தோம். மூவரும் கூடி, கருமுகில் திரண்டு கனல்மின் பாய்ந்தமையால் என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதி, பெருமிதத்தோடு படித்துக் காட்டினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆடு செத்துப்போச்சுன்னு எங்க எழுதியிருக்கு?” என்றார்.

திரும்ப எழுதினோம். நாள், நேரம், இடம், ஆடுகளின் எண், காதடையாளம், உடையவர் பெயர், கேட்கும் உதவி, எட்டு வரி. மூன்றாண்டுக் கல்வியில் எம் தமிழ் பிறர் ஒருவருக்குப் பயன்பட்டது அவ்வெட்டு வரிகளில்தான். அடைமொழி இன்றி எழுதுவது எத்துணை அரிது என்பதையும் அன்றே அறிந்தோம்.

கூடாரத்தைச் சுற்றி நீர்க்கால் வெட்டுவதற்காகக் கொண்டுபோன மண்வெட்டியால், மருத்துவர் சான்று எழுதிய பிறகு, ஆடுகளைப் புதைக்கக் குழி தோண்டினோம். பக்கத்து வயற்காரரும் தம் மண்வெட்டியோடு வந்து உதவினார். குழியை மூடியபின், எம்மிடம் இருந்த 2,350 ரூபாயையும் கீதாரியின் முன் நீட்டினோம். பெருந்தன்மையோடு மறுப்பார், யாம் வற்புறுத்துவோம் என்று கதைகளில் படித்தபடி எதிர்பார்த்தோம். அவர் மறுக்கவில்லை.

“இது ஒரு ஆட்டுக்கே காணாது, தம்பி. இருந்தாலும் குடுங்க” என்று வாங்கி மடியில் செருகிக்கொண்டார். அவர் அவ்வாறு வாங்கிக்கொண்டதே எமக்கு ஆறுதல். மறுத்திருந்தால் எம்மைச் சிறுவர் என்று கருதியதாகும். வாங்கியதால், கடன்பட்டவர் என்று மதித்தார்.

பேருந்துக்குப் பணம் இன்மையால் எஞ்சிய வழியையும் நடந்தே கழித்தோம். திருவையாற்றை அடைந்து, காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளையும் பாலத்தின்மேற் கடந்து, மறுநாள் முற்பகல் தஞ்சையை அடைந்தோம். ஐந்திலும் நீரில்லை, முந்தின நாள் மழை மணலில் ஆங்காங்கு தேங்கி நின்றது. பெரிய கோயிலின் விமானம் தொலைவில் தெரிந்தபோது, புறப்படும்போது பாடுவதாக இருந்த பாட்டை ஒருவரும் பாடவில்லை.

விடுமுறை முழுவதும் எம் உள்ளத்தில் ஒரு வினா நின்றது. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடி, தொண்ணூற்றொன்பது ஆடுகளை வனாந்தரத்தில் விட்டுச் சென்ற மேய்ப்பனின் உவமையை ஞாயிறு பள்ளி நாள்முதல் கேட்டு வருகின்றோம். கண்டெடுக்கப்பட்ட ஆடாகவே எம்மை எப்போதும் பாவித்து மகிழ்ந்தோம். விடப்பட்ட தொண்ணூற்றொன்பதும் அவ்வேளையில் என்ன பாடுபட்டன என்று ஒருநாளும் கேட்டதில்லை. தேடப்படுவது இன்பம், ஆனால் தேடுபவர் எதனையோ விட்டுத்தான் வருகின்றார். விட்ட இடத்தில் இடி விழுமாயின், அதன் கணக்கைத் தேடப்பட்டவன் அறிந்திருத்தல் வேண்டும். கவுந்தியடிகள் நண்டையும் நத்தையையும் குறித்து எச்சரித்ததும் இதுவே அன்றோ? வழிநடப்பவனுக்குத் தன் கால் மட்டும் கண்ணுக்குத் தெரிகின்றது. காலின் கீழ் உள்ளது தெரிவதில்லை.

கால்டுவெல் ஐயரின் நடையை மேலும் ஒரு முறை எண்ணிப் பார்த்தோம். அவர் கைப்பேசி இன்றி நடந்தார் என்பது சிறப்பன்று. அது அக்காலத்து இயல்பு. வழியில் கண்டவரோடு பேசி நடந்தார் என்பதே சிறப்பு. யாம் எளிதான பகுதியைப் பின்பற்றி, அரிய பகுதியை விட்டோம். அவர் சென்று சேர்ந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த ஊரின் பெயர் இடையன்குடி. அப்பெயரின் பொருள் எமக்கு முன்னரே தெரியும். இடையர் ஒருவரின் கிடையருகே ஓர் இரவு இருந்தபின் அது வேறாக ஒலிக்கின்றது.

வரும் ஆண்டுகளில் இவ்வழியே செல்ல விரும்பும் நண்பர்களுக்குச் சில சொல்ல விழைகின்றோம். இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்டோர் மின்னலால் மாள்கின்றனர். அவருட் பெரும்பாலோர் வெட்டவெளியில் தொழில் செய்வோர். கோடையில் விடியற்காலையில் நடந்து, பிற்பகலுக்குள் கட்டடம் உள்ள ஊரை அடைக. இடியோசை கேட்டால் எண்ணிக்கொண்டு நிற்காது, கூரையும் சுவரும் உள்ள இடத்திற்கோ மூடிய வண்டிக்குள்ளோ செல்க. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளிவருக. தனிமரத்தின் அடியும் கூடாரத்தின் உள்ளும் காவலல்ல. எச்சரிக்கை தரும் கருவியை மூட்டையின் அடியில் வையாதீர். இவை எல்லாவற்றிற்கும் முன்னதாக, தங்கும் இடத்தை அவ்விடத்தில் வாழ்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்க. தொலைவில் ஒருவர் கை வீசினால், திரும்பக் கை வீசாது அருகில் சென்று கேட்க.

கீதாரி ஜூன் மாதத்தில் தம் நாட்டிற்குத் திரும்பிவிட்டார். அவர் பேரன் எம் தலைவரோடு கைப்பேசியில் பேசுகின்றான். மனு இன்னும் பரிசீலனையில் உள்ளது. ஏழு ஆடுகளுக்கான கணக்கில், இரண்டு ஆட்டின் விலையை எம் ஐவர் வீட்டாரும் சேர்ந்து அனுப்பியுள்ளோம், ஐந்து எஞ்சியுள்ளன. அறுவடைக்குப் பின் அவர் மீண்டும் கபிஸ்தலத்துப் பக்கம் வருவார். அப்போது யாமும் செல்வோம். கூடாரம் கொண்டு செல்லோம்.